விலாசமும் தொலைவும்

நம் கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியில் இலக்கியம், வரலாறு, சமுதாயம் என்பன பற்றிய கட்டுரைகளே பெரும்பாலும் வெளிவருதல் வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகி, கணிப்பொறிக்குரிய சி மொழியில் வரும் சுட்டியைப் பற்றியும், சுட்டியின் சுட்டியைப் பற்றியும், அவற்றை நினைவகத்தோடு பொருத்திய கோப்புகளில் ஆளும் முறையைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விழைகின்றேன். பொருள் தமிழ்ப் பகுதிக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆயினும், நம் மாணவருட் பலர் இன்று இத்தொழிலையே நாடிச் செல்லுதலின், இதனைத் தாய்மொழியில் ஆராய்தல் தகாததன்று.

சில ஆண்டுகளாக ஒரு பேச்சு நம்மிடையே வலுத்து வருகின்றது. சுட்டி என்பது பழங்காலத்துச் சுமை, இக்காலத்து மொழிகளில் அதற்கு வேலையில்லை, மாணவரை அதனால் வருத்துதல் வேண்டா என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார், அதனை ஒரு வாரத்தில் ஓதி முடித்துத் தேர்வுக்குரிய இரண்டு வினாக்களோடு நிறுத்திவிடுவர். இவ்விரண்டும் பிழை என்பதே என் கருத்து. சுட்டியைக் கற்பித்தல் வேண்டும். சுட்டியின் சுட்டியையும் கற்பித்தல் வேண்டும். இவை எவ்வளவு காலம் மெய்யாக நிற்கும் என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும். இம்மூன்றாவது பாடமே நம் வகுப்புகளில் விடுபட்டுப் போகின்றது. அதனை மாணவர் உள்ளத்திற் பதிப்பதற்குப் பொருத்திய கோப்பைப்போலச் சிறந்த உரைகல் வேறொன்றை யான் கண்டிலேன்.

முதற்கண் சுட்டியாவது யாதெனக் காண்போம். கணிப்பொறியின் நினைவகம் வரிசையாக எண்ணிடப்பட்ட சிறு அறைகளால் ஆயது. ஓர் அறை ஒரு பைட்டு; அறையின் எண்ணே அதன் விலாசம். ஒரு விலாசத்தைத் தன்னுட் பொருளாகக் கொண்டது சுட்டி. அச்சுட்டியும் நினைவகத்தில் ஓரிடத்தில் இருத்தலால் அதற்கும் ஒரு விலாசம் உண்டு. அவ்விலாசத்தைக் கொண்டது சுட்டியின் சுட்டி. கடித உறையின்மேல் 'இன்னார் மேற்பார்வை' என்று நாம் எழுதுவதில்லையா? தபாற்காரர் கடிதத்தை அவ்வின்னாரிடம் சேர்ப்பிக்கின்றார். கடிதத்திற்கு உரியவர் இப்பொழுது எவ்வீட்டில் இருக்கின்றார் என்பதை அவர் அறிவார். உரியவர் வீடு மாறினும், மாற்றத்தை அறிய வேண்டுபவர் அவ்வொருவரே. எழுதுவோர் அனைவரும் உறையை மாற்றி எழுத வேண்டுவதில்லை. சுட்டியின் சுட்டியால் விளையும் பயன் இதுவே.

இதற்கு வரலாற்றிலும் சான்றுண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் 1972-ஆம் ஆண்டளவில் சி மொழியை உருவாக்கினார். அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட நூலால் அம்மொழி உலகெங்கும் பரவிற்று. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தார் மக்கின்டாஷ் என்னும் கணிப்பொறியை வெளியிட்டபொழுது, அதன் நினைவகம் 128 கிலோபைட்டே. அச்சிறிய இடத்தில் பல பொருள்களை வைத்தெடுக்கும்போது இடையிடையே வெற்றிடம் சிதறிக் கிடத்தல் இயல்பு. பொருள்களை அவ்வப்போது நகர்த்தி அடுக்கினாலன்றி அவ்வெற்றிடம் ஒன்றுசேராது. ஆதலின் நிரல்களுக்குப் பொருளின் விலாசத்தைக் கொடாமல், அவ்விலாசம் எழுதிய அறையின் விலாசத்தையே கொடுத்தனர். அதற்கு ஹேண்டில் எனப் பெயரிட்டனர். பொருள் இடம்பெயர்ந்தால் நடுவணதாகிய ஒரு சுட்டியைத் திருத்தினாற் போதும். மற்றையோர் எவரும் அறிய வேண்டுவதில்லை.

நிற்க. கோப்பை நினைவகத்தோடு பொருத்துதலாவது யாது? வழக்கமாக ஒரு கோப்பைப் படிக்க வேண்டின், அதனைச் சிறிது சிறிதாக நாம் ஒதுக்கிய இடத்திற் படியெடுத்துக் கொள்கின்றோம். எம்மேப் என்னும் அழைப்போ அவ்வாறன்று. கோப்பு முழுவதற்கும், அல்லது அதன் ஒரு பகுதிக்கும், விலாச வரிசை ஒன்றை இயங்குதளம் ஒதுக்கித் தருகின்றது. நாம் ஓர் அறையைத் தொடும்பொழுதே, அவ்வறை அடங்கிய பக்கம் வட்டினின்றும் வந்து சேரும். பக்கம் என்பது பெரும்பாலான கணிப்பொறிகளில் 4096 பைட்டு அளவினது. இக்கருத்து 1960-களில் தோன்றிய மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்திலேயே உண்டு. 1983-இல் வெளிவந்த பெர்க்கிலி யூனிக்ஸ் 4.2-இன் கையேடு எம்மேப்பை விவரித்தது. 1988-இல் சன் நிறுவனத்தாரின் சன்ஓஎஸ் 4.0 அதனைச் செயலாக்கிற்று. பின்னர் போசிக்ஸ் நியமத்திலும் அது இடம் பெற்றது.

இம்முறையால் விளையும் நன்மைகள் பல. படியெடுக்கும் வேலை குறைகின்றது. மிகப் பெரிய கோப்பிலும் வேண்டிய பக்கம் மட்டுமே வருகின்றது. ஒரே கோப்பைப் பல நிரல்கள் ஒருங்கே பகிர்ந்து கொள்ளலாம். எல்லாவற்றினும் மேலாக, கோப்பு முழுவதும் ஒரு நீண்ட அணியைப்போல நம் கண்முன் கிடக்கின்றது. அதனுள் எவ்விடத்தையும் சுட்டியாற் சுட்டலாம். இடர் தோன்றுவதும் இவ்விடத்திலேதான்.

சுட்டியின் சுட்டி பொருத்திய கோப்போடு கூடும் இடங்கள் நான்கினை எடுத்துக் காட்டுவேன். அவற்றுள் இரண்டு நேரியன, இரண்டு பிழையானவை.

முதலாவது: கோப்பைத் திறந்து பொருத்தும் வேலையை ஒரு தனிச் செயற்கூற்றிடம் ஒப்படைக்கின்றோம். கிடைத்த விலாசம் அழைத்தவருக்குத் திரும்ப வேண்டும். சி மொழியில் அளபுருக்கள் படியாகவே செல்லுதலின், ஒற்றைச் சுட்டியை அனுப்பினால் செயற்கூறு தன் படியையே மாற்றும். அழைத்தவருடைய சுட்டி முன்போலவே இருக்கும். ஆகவே சுட்டியின் விலாசத்தை, அதாவது இரு உடுக்குறியிட்ட சுட்டியை, அனுப்புதல் வேண்டும். ஈண்டு மற்றொன்றையும் மாணவர் நினைவிற் கொள்க. எம்மேப் தோல்வியுற்றால் தருவது சுழிச்சுட்டியன்று. கழித்தல் ஒன்றைச் சுட்டியாக்கிய தனி மதிப்பு. சுழியோடு ஒப்பிட்டு அமைவோர் ஏமாந்து போவர்.

இரண்டாவது: பத்து இலட்சம் வரிகள் உள்ள கோப்பொன்றைப் பொருத்தி, ஒவ்வொரு வரியும் தொடங்கும் விலாசத்தை ஒரு பட்டியலாகத் தொகுக்கின்றோம். 64 பிட்டுக் கணிப்பொறியில் விலாசம் ஒன்றுக்கு 8 பைட்டாகப் பட்டியல் 80 இலட்சம் பைட்டு ஆகும். வரிகளை அகரவரிசைப்படுத்த வேண்டின் கோப்பிலுள்ள ஓர் எழுத்தையும் அசைக்க வேண்டா; பட்டியலை மட்டும் வரிசைப்படுத்தினாற் போதும். ஆனால் ஒப்பிடும் செயற்கூற்றுக்கு வந்து சேர்வது வரியின் விலாசமன்று, அவ்விலாசம் எழுதிய அறையின் விலாசம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மேலும், கோப்பிலுள்ள வரி சுழி எழுத்தால் முடிவதில்லை. ஆதலால் சரங்களை ஒப்பிடும் வழக்கமான செயற்கூறுகள் வரியின் எல்லையைத் தாண்டி ஓடும். வரியின் நீளத்தையும் உடன் வைத்துக்கொள்வதே நெறி.

மூன்றாவது: ஆயிரம் நிரையும் ஆயிரம் நிரலும் கொண்ட எண் அட்டவணை கோப்பில் உள்ளது, எண் ஒன்றுக்கு 4 பைட்டாக 40 இலட்சம் பைட்டு. இதனைப் பொருத்தியவுடன், இரண்டு உடுக்குறியிட்ட சுட்டியாக மாற்றி, இரு சதுர அடைப்புகளால் அணுக முயலும் மாணவர் மிகப் பலர். கம்பைலர் வாய்திறவாது ஏற்றுக்கொள்ளும். நிரலோ முதல் அணுகலிலேயே மடியும். ஏன்? கோப்பில் இருப்பவை எண்கள், விலாசங்கள் அல்ல. இரட்டைச் சுட்டியோ முதல் 8 பைட்டை, அதாவது முதல் இரண்டு எண்களை, ஒரு விலாசமாகக் கொண்டு அவ்விடத்தைத் தேடிச் செல்கின்றது. வேண்டுவது ஆயிரம் எண்கள் கொண்ட ஒரு நிரையைச் சுட்டும் ஒற்றைச் சுட்டியே. அணியும் சுட்டியும் ஒன்றென்று மேற்போக்காகக் கற்பிப்பதனால் வரும் கேடு இது.

நான்காவதே மிகக் கொடியது. ஏனெனில் அது உடனே வெளிப்படுவதில்லை. பொருத்திய கோப்பினுள்ளேயே சுட்டிகளை எழுதி வைத்தல் அது. இதனை என் சொந்த அனுபவத்தாலேயே கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்குமுன், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் அட்டைகளில் எழுதிச் சேர்த்த வட்டார வழக்குச் சொற்களைக் கணிப்பொறியில் ஏற்றித் தரும் பணியை யான் மேற்கொண்டேன். ஒவ்வொரு சொல்லும் ஒரே அளவான பதிவு. பதிவினுள் சொற்பொருளைச் சுட்டும் ஒரு சுட்டியும், அடுத்த சொல்லைச் சுட்டும் ஒரு சுட்டியும் அமைத்தேன். சொற்குழுக்களின் தலைப்புகளைச் சுட்டிகளின் அணியாகக் கோப்பின் முகப்பில் வைத்தேன். விலாசம் மாறினால் எல்லாம் குலையும் என்பதை அறியாதவனல்லன். எனவே, ஒரு குறிப்பிட்ட விலாசத்திலேயே பொருத்துமாறு இயங்குதளத்தைக் கேட்டுக்கொண்டேன். அவ்விடம் வெறுமையாக இருந்தமையால் அதுவும் பல திங்கள் தவறாமல் இசைந்தது. என் சூழ்ச்சியை யானே மெச்சிக்கொண்டேன்.

பின்னர்க் கணிப்பொறி மாறிற்று. புதியதில் அவ்விலாசத்தை வேறொன்று முன்னரே பற்றியிருந்தது. நம் வேண்டுகோள் கட்டளையன்று, குறிப்பே. ஆதலால் இயங்குதளம் வேறோர் இடத்திற் பொருத்தித் தந்தது. என் நிரல் தோல்வியை மட்டுமே சோதித்தது. கேட்ட இடம் கிடைத்ததா என்று சோதிக்கவில்லை. புதுச் சொல்லைக் குழுவின் தலையிற் சேர்க்கும்பொழுது பழைய சுட்டியைப் படியெடுத்து வைத்தலே வேலை. அதனைப் பின்பற்றிச் செல்ல வேண்டுவதில்லை. ஆகவே மூன்று நாள் புதுச் சொற்களை ஏற்றியும் ஒரு பிழையும் தலைகாட்டவில்லை. அம்மூன்று நாளும் மூன்று வெவ்வேறு விலாசங்கள்! நான்காம் நாள் ஒரு பழைய சொல்லைத் தேடினேன், நிரல் மடிந்தது. சொற்களும் இருந்தன, பொருள்களும் இருந்தன. எச்சொல்லுக்கு எப்பொருள் என்பதே அழிந்திருந்தது.

பழைய சுட்டிகளை மீட்க வழியிருந்தது. பழைய தொடக்க விலாசம் என் நிரலில் எழுதியிருந்தமையால், ஒவ்வொரு சுட்டியிலிருந்தும் அதனைக் கழித்து, கோப்பின் தலையிலிருந்து எத்தனை பைட்டுத் தொலைவு என்பதைக் கண்டேன். பதிவுகள் வரிசையாக எழுதப்பெற்றிருந்தமையால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கவும் முடிந்தது. அம்மூன்று நாளிற் சேர்த்தவற்றுக்கோ தொடக்கம் எங்கும் குறிக்கப்படவில்லை. அவற்றை அட்டைகளைப் பார்த்து மீண்டும் எழுத நேர்ந்தது. ஆசிரியர் என்னைக் கடியவில்லை. "தம்பி, அட்டையை எரித்துவிடலாம் என்று சென்ற மாதம் சொன்னாயே" என்று மட்டும் கூறினார். அச்சொல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. அவர் அவ்வட்டைகளை என் சொற்கேட்டு எரித்திருப்பின், அச்சொற்களுக்கு உலகில் வேறு சாட்சி இல்லை.

யான் கண்ட முடிபு இது: கோப்பில் விலாசத்தை எழுதுதல் கூடாது, தொலைவையே எழுதுதல் வேண்டும். விலாசம் ஒரு நிரல் ஒருமுறை ஓடும் காலத்திற்கு மட்டும் உரியது. தொலைவோ கோப்புக்கே உரியது. கோப்பு எங்குச் சென்றாலும் அதனோடு செல்வது. மைற்கல்லில் நகரம் இத்தனை மைல் என்று பொறித்திருத்தல்போல, தலையிலிருந்து இத்தனை பைட்டு என்று பொறித்துவிட்டால், எவ்விடத்திற் பொருத்தினும் தொடக்க விலாசத்தோடு கூட்டிப் பொருளை அடையலாம். கோப்பின் முகப்பில் அடையாளக் குறியும், பதிப்பெண்ணும், பைட்டு வரிசையும் இருத்தல் நலம். முகப்பு சுழியாம் தொலைவைக் கொண்டிருத்தலின், சுழித் தொலைவை 'ஒன்றுமில்லை' என்பதற்குக் குறியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மூன்று தடைகள் கூறப்படும். அவற்றை ஆராய்வோம்.

கட்டாயமாக ஒரே விலாசத்திற் பொருத்தும் கொடியும் உண்டே, அதனை ஆண்டால் என்ன என்பது முதல் தடை. அக்கொடி, அவ்விடத்தில் முன்பு பொருத்தியிருந்ததைக் கேளாமலே நீக்கிவிடும். நிரலின் நூலகமோ வேறு தரவோ அங்கிருந்தால் அது மறையும். அன்றியும், தாக்குவோர் விலாசங்களை முன்னறிந்து பயன்கொள்ளாமைப் பொருட்டு, லினக்ஸ் 2005-இல் வெளிவந்த 2.6.12-ஆம் பதிப்பு முதலாக விலாசங்களை ஓட்டந்தோறும் மாற்றி வைக்கின்றது. காவலுக்காக மாற்றுவதை நாம் வசதிக்காக நிலைநிறுத்த முயலுதல் அறிவுடைமையன்று.

பொருத்துதலே ஆகாது என்பது இரண்டாம் தடை. 2022-இல் கிராட்டி, லீஸ், பாவ்லோ என்னும் மூவர், தரவுத்தள மேலாண்மைக்கு எம்மேப் தகுமா என்று வினவி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். எப்பக்கம் எப்பொழுது வட்டுக்குச் செல்லும் என்பது நம் கையில் இல்லாமை, பிழைகளைக் கையாளுதலின் அருமை முதலிய குறைகளை அவர்கள் எடுத்துக் காட்டினர். மாங்கோடிபி என்னும் தரவுத்தளமும் தொடக்கத்தில் இம்முறையைக் கொண்டிருந்து, 2019-இல் வெளிவந்த 4.2-ஆம் பதிப்பில் அதனை முற்றும் கைவிட்டது. இக்குறைகளை யான் மறுக்கவில்லை. பொருத்திய கோப்பு சுருங்கிவிட்டபின் அதன் எல்லைக்கு அப்பாலுள்ள பக்கத்தைத் தொடும் நிரல் மடிவதையும் கண்டிருக்கின்றேன். ஆயினும், எல்லா வேலையும் பெருந்தரவுத்தளம் அன்று. படிப்பதற்கு மட்டுமே உரிய அகராதிக்கும் அட்டவணைக்கும் இம்முறை இன்றும் தக்கதே. 2011-இல் தோன்றிய எல்எம்டிபி முழுவதும் பொருத்திய கோப்பின்மேலேயே நிற்கின்றது. அதன் கிளைகளை இணைப்பவை விலாசங்கள் அல்ல, பக்க எண்களே. 1993 முதல் நாம் நாள்தோறும் காணும் பிடிஎஃப் கோப்பும் ஒவ்வொரு பொருளும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகின்றது என்னும் அட்டவணையைத் தன்னகத்தே கொண்டதே.

பாதுகாப்புடைய புதுமொழிகள் வந்தபின் இப்பாடம் எதற்கு என்பது மூன்றாம் தடை. 2015-இல் முதற்பதிப்பு வெளிவந்த ரஸ்ட் போன்ற மொழிகள் நினைவகப் பிழைகள் பலவற்றைத் தடுக்கின்றன என்பது உண்மை. ஆயினும் நேற்று ஒரு நிரல் வட்டில் எழுதிய எண்ணை, இன்று மற்றொரு நிரல் விலாசமாகக் கொள்ளலாமா என்பதை எம்மொழியின் கம்பைலரும் முன்னறிந்து கூற இயலாது. அதனை அறிதல் நிரல் எழுதுவோன் கடமையாகவே நிற்கும்.

அங்ஙனமாயின், இரட்டைச் சுட்டிக்குப் பொருத்திய கோப்பில் இடமேயில்லையா? உண்டு. கோப்பு வளருந்தோறும் அதனை மீண்டும் பொருத்த நேரும். தொடக்க விலாசமும் மாறும். அப்பொழுது தொடக்க விலாசத்தை ஒரே ஓர் அறையில் வைத்து, மற்றைய பகுதிகளெல்லாம் அவ்வறையின் விலாசத்தையும் தத்தம் தொலைவையும் மட்டும் கொள்ளுமாறு செய்க. கோப்பு எங்கு நகர்ந்தாலும் திருத்த வேண்டுவது ஓரறையே. மக்கின்டாஷ் கண்ட வழியும் இதுவே. இரட்டைச் சுட்டி நினைவகத்தில் வாழட்டும். தொலைவு கோப்பில் வாழட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பாடத்திற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா; இரண்டு ஆய்வுக்கூட வேளை போதும். முதல் வேளையில், மாணவர் ஒரு சிறு கோப்பைப் பொருத்தி, அதன் தொடக்க விலாசத்தை அச்சிட்டு, நிரலைப் பத்துமுறை ஓட்டிக் காணட்டும். எண் மாறுவதைக் கண்ணாற் காண்பர். இரண்டாம் வேளையில், சுட்டியால் இணைந்த ஒரு பட்டியலைக் கோப்பில் எழுதி, மீண்டும் ஓட்டி, அது குலைவதைக் காணட்டும். பின்னர் அதனையே தொலைவால் திருத்தி எழுதட்டும். தம் கையாற் கெடுத்துத் தம் கையால் திருத்தியதை அவர்கள் மறவார். தேர்வுத் தாளில் சுட்டிக்கு இலக்கணம் எழுதுவதைவிட இது நூறு மடங்கு பயன் தரும்.

தொழிலில் அமர்ந்துள்ள பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். நாம் எழுதும் நிரல் இன்று மாலை முடியும்; நாம் எழுதும் கோப்போ நாம் அறியாத ஒருவர் கையில், நாம் காணாத ஒரு பொறியில், பல ஆண்டுகள் கழித்துத் திறக்கப்படலாம். அதனுள் யாரோ ஒருவருடைய கணக்கு இருக்கும், நிலப்பதிவு இருக்கும், வாழ்நாள் உழைப்பு இருக்கும். அவர்கள் பொருட்டேனும், மறுநாள் பொய்யாகிவிடும் விலாசத்தை அதில் எழுதாதிருப்போமாக. தமிழாசிரியரின் அட்டைகள் இன்றும் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. அவற்றை எரிக்குமாறு யான் இப்பொழுது எவருக்கும் சொல்வதில்லை.